அப்பா காலத்தில் பொறியியல் படிக்கச் செலவு குறைவு. இப்போது ஏன் கடன் வாங்கியும் கட்டுப்படியாகவில்லை?

அன்று கட்டணம் குறைவுதான், ஆனால் சீட் எங்கே இருந்தது? 1984க்கு முன் தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகள் விரல்விட்டு எண்ணும் அளவே. சுயநிதிக் கல்லூரிகள் வந்த பிறகு சீட் பெருகியது, செலவு குடும்பத்தின் தலையில் விழுந்தது. 2007இல் நுழைவுத்தேர்வு போனது, 2010இல் முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை வந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது உண்மை.

சிக்கல் கடன் கணக்கில் இருக்கிறது. வருடம் 1 லட்சம் வீதம் 4 லட்சம், வட்டி 10% என்று வையுங்கள். படிப்பு 4 வருடம், அதன்பின் 1 வருட அவகாசம். அவகாசம் என்றால் வட்டி ஓடாது என்று பலர் நினைக்கிறார்கள், ஓடும். தனிவட்டியே 1.4 லட்சம். தவணை தொடங்கும்போது பாக்கி 5.4 லட்சம், 10 வருடத்துக்கு மாதம் சுமார் 7,100 ரூபாய். ஐடியில் புதியவர்களுக்கான சம்பளமோ பதினைந்து வருடமாக ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. சென்னை வாடகை நிற்கவில்லையே!

குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்றால், மத்திய அரசின் வட்டி மானியத்துக்குத் தகுதி உண்டா என்று கடன் வாங்கும்போதே வங்கியில் கேட்டு, வருமானச் சான்றிதழைக் கொடுங்கள். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவையில் விண்ணப்பிக்கலாம். அண்ணனோ அக்காவோ பட்டதாரி என்றால் கிடைக்காது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தாலும் அந்தச் சலுகை போச்சு, கலந்தாய்வில் வாங்கிய சீட்டுக்கு மட்டும்தான்.