டெக்கில் பார்த்த படம்

அன்புள்ள ஐயா,

எண்பதுகளில் டெக் (வீடியோ கேசட் ஓட்டும் கருவி) வாடகைக்கு எடுத்து வீட்டில் பார்த்த படங்களைப் பற்றி ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். ‘பாட்டு சுமார்’, ‘கடைசியில் அழுகை வந்தது’ என்கிற அளவில்தான். நண்பரிடம் காட்டினேன். “தியேட்டரில் பார்க்காத படத்துக்கு அபிப்பிராயம் சொல்ல உனக்கென்ன தகுதி?” என்று கேட்டுவிட்டார். அவர் சொல்வது சரியா?

ஒரு வாசகர், காட்பாடி

அன்புள்ள நண்பருக்கு,

பாதி சரி. அகலத் திரைக்கு எடுத்த ஸ்கோப் படத்தை டிவி நிறையக் காட்டவேண்டும் என்று இரண்டு பக்கமும் வெட்டினார்கள். நாற்பது சதவீதத்துக்கு மேல் போய்விடும். பேசுகிறவர் முகம் தெரியும், கேட்கிறவர் தோள் மட்டும் நிற்கும். இது தெரியாமல் ஒரு படத்தின் ஒளிப்பதிவைக் குறைசொல்லி எழுதினேன். பல வருஷம் கழித்து அதே படத்தைத் தியேட்டரில் பார்த்தபோது வெட்கமாகப் போய்விட்டது. ஒளிப்பதிவு, ஒலி பற்றி உங்கள் நோட்டில் இருப்பதை எடுத்துவிடுங்கள். மற்றதில் ஒரு வரியும் அடிக்காதீர்கள்.

1982 ஆசிய விளையாட்டை ஒட்டிக் கலர் டிவி வந்தது. பின்னாலேயே வேலூர் கொசப்பேட்டையில் எங்கள் தெருவுக்கு டெக்கும் வந்தது. நாலு வீடு பங்கு போட்டு ஒரு ராத்திரிக்கு எடுப்போம், மூன்று படம். கடைப் பையன் போர்வை சுற்றி ரிக்‌ஷாவில் கொண்டுவருவான். படத்தில் கோடு விழுந்தால் டெக்கின் ட்ராக்கிங் குமிழைத் திருகுவான். அதற்கும் மசியாவிட்டால் ஸ்பிரிட் தொட்டு, டேப்பைப் படிக்கும் ஹெட்டைத் துடைப்பான். பாட்டிலும் சண்டையிலும்தான் கோடு அதிகம் விழும். நமக்கு முன்னால் எடுத்துப்போனவர்கள் திருப்பித் திருப்பி ஓட்டித் தேய்த்த இடங்கள் அவை.

அப்படி ஒரு ராத்திரி ‘உதிரிப்பூக்கள்’ போட்டோம். 1979இல் வந்த படம், அம்மா அதுவரை பார்த்ததில்லை. போளூரிலிருந்து சித்தியும் வந்திருந்தாள். கடைசியில் ஊரே கரையில் நிற்க, பிள்ளைகளுக்கு அப்பனான கெட்டவன் சுந்தரவடிவேலு ஆற்றில் இறங்கிவிடுகிறான். முடிந்தது என்று நான் அடுத்த கேசட்டை எடுத்தேன்.

“திருப்பி வைடா” என்றாள் அம்மா.

“இன்னாக்கா, அவ்ளோதான் படம்” என்றாள் சித்தி.

திருப்பி வைத்தேன். பார்த்து முடித்துக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அம்மா கேட்டாள்: “அவன் போய்ச் சேந்துட்டான். அந்தப் பசங்க இன்னிக்கி ராத்திரி எங்கடா படுத்துக்கும்?”

இயக்குநர் மகேந்திரன் அந்தப் படத்துக்குக் கருவை எடுத்தது புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’ குறுநாவலிலிருந்து. தாயில்லாத பிள்ளைகளின் வீடு அது. அம்மா அதைப் படித்தவள் இல்லை. கெட்டவன் ஒழிந்தான் என்று நாங்கள் எழுந்துவிட்டோம், அவள் பிள்ளைகளோடு கரையிலேயே நின்றுவிட்டாள். அதே தியேட்டராக இருந்திருந்தால் லைட் போட்டதும் செருப்பைத் தேடிக்கொண்டு கிளம்பியிருப்பாள். ஆபரேட்டரிடம் போய்த் திருப்பிப் போடு என்று யார் கேட்பது?

விமர்சனம் எழுத உட்காரும்போதெல்லாம் எனக்கு அந்தக் கேள்விதான் முதலில் வருகிறது. அதைவிடக் கூர்மையாக அந்தப் படத்தைப் பற்றி என்னால் இன்றுவரை எதையும் கேட்க முடிந்ததில்லை.

‘கடைசியில் அழுகை வந்தது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அது எந்த இடத்தில்? பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள், யார் திருப்பி வைக்கச் சொன்னார்கள்? ஞாபகம் இருப்பதைச் சேர்த்து எழுதி, நோட்டை எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்.