கினிக்கோழியும் கோழியும்: வளர்ச்சி, தீவனம், இறைச்சி குறித்த கேள்வி-பதில்

கேள்வி: கினிக்கோழியை எந்த வயதில் இறைச்சிக்கு எடுப்பது சரி?

பதில்: 12 முதல் 16 வாரங்களுக்குள் எடுத்துவிடுங்கள். சாதாரண ரகங்கள் அதற்குள் ஒன்றேகால் கிலோவை ஒட்டி வந்துவிடும். இறைச்சிக்கென்றே தேர்ந்தெடுத்துப் பெருக்கிய ரகங்கள் 12 வாரத்திலேயே ஒன்றரைக் கிலோவைத் தொடும். அதன் பிறகு உண்ணும் தீவனத்தில் எடையாக மாறுவது சொற்பம். இறைச்சியும் கெட்டிப்படத் தொடங்கும்.

கேள்வி: கோழிக்குஞ்சுகளையும் கினிக்கோழிக் குஞ்சுகளையும் ஒரே கொட்டகையில், ஒரே தீவனம் கொடுத்து வளர்த்தேன். ஆறு வாரத்தில் கோழி 2 கிலோ வந்துவிட்டது. கினிக்கோழி அரைக் கிலோகூடத் தேறவில்லை. கினிக்கோழி இறைச்சிக்கு உதவாது என்று முடிவு செய்யலாமா?

பதில்: இதே கேள்வி வெவ்வேறு கையெழுத்துகளில் ஓயாமல் வருகிறது, எந்தக் கடிதத்திலும் அது எந்தக் கோழி என்பது மட்டும் இருப்பதில்லை. ஆறு வாரத்தில் 2 கிலோ என்கிறீர்கள் என்பதால் பிராய்லர் என்று நானே ஊகித்துக்கொள்கிறேன். விரைவாக எடை ஏற வேண்டும் என்ற ஒரே நோக்கத்துடன் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பறவையையும், பெரும்பாலான இடங்களில் அத்தகைய தேர்வுக்கே உட்படாத பறவையையும் அருகருகே நிறுத்தி ஆறாம் வாரத்தில் தராசில் வைத்தால், விடை தராசைத் தொடும் முன்பே தெரிந்ததுதான். அதே கினிக்கோழியை நாட்டுக்கோழியுடன் 12 வாரம் வரை வளர்த்து நிறுத்திருந்தால் இவ்வளவு உறுதியாக எழுதியிருக்க மாட்டீர்கள்.

அடுத்தது தீவனம். ‘ஒரே தீவனம்’ என்பது நியாயமாகத் தோன்றலாம். ஆனால் கினிக்கோழிக் குஞ்சுக்கு முதல் நான்கு வாரம் 24 முதல் 26 விழுக்காடு புரதம் வேண்டும். முட்டைக்கோழிக் குஞ்சுகளுக்கான தீவனத்தில் 20 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். பிராய்லர் தொடக்கத் தீவனத்தில்கூட 22, 23தான். ஆகவே ஒரே மூட்டையிலிருந்து அள்ளிப் போட்டதால் இரண்டில் ஒன்று குறைப்பட்டது. தவிர, பிராய்லர் குஞ்சுகள் தீவனத் தட்டை ஆக்கிரமித்துக்கொள்ளும்போது, எளிதில் மிரளும் கினிக்கோழிக் குஞ்சுகள் ஓரமாக ஒதுங்கி நின்றுவிடும். நீங்கள் அளந்தது வளர்ச்சியை அல்ல, நெருக்கடியை.

மூன்றாவது, வயது. பொரிக்கும்போது பிராய்லர் குஞ்சு 40 கிராம் இருக்கும், கினிக்கோழிக் குஞ்சு 25 கிராம்தான். பிராய்லர் தன் பிறப்பெடையைப் போல் 50 மடங்கை எட்ட ஐந்தாறு வாரம் ஆகிறது. கினிக்கோழி அதே 50 மடங்கை எட்ட 12 வாரத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. ஒரே வயதில் நிறுத்தால் ஒன்று விற்பனைப் பருவத்திலும் மற்றது பாதி வழியிலும் இருக்கும்.

ஒப்பிட விரும்பினால் தனித்தனித் தடுப்பில் விடுங்கள்; பொரித்த அன்றே நிறுங்கள்; வாரந்தோறும் ஒரே நேரத்தில், தீவனம் வைப்பதற்கு முன் நிறுங்கள்; கொடுத்த தீவனத்தில் மிஞ்சியதைக் கழித்து எழுதுங்கள்; இறந்த பறவை உண்டதையும் கணக்கில் சேருங்கள். தீவனத்தை நிறுக்காதவர் எடையைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. இத்தனையும் ஒழுங்காகச் செய்த பிறகும் தீவனக் கணக்கில் பிராய்லரே முந்தும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: எவ்வளவு முந்தும்?

பதில்: ஒரு கிலோ உயிர் எடைக்குப் பிராய்லர் உண்பது ஏறத்தாழ ஒன்றேமுக்கால் கிலோ, கினிக்கோழி உண்பது மூன்று முதல் மூன்றரைக் கிலோ. கூடுதலான வாரங்கள் உயிரோடு இருப்பதற்கே தீவனம் செலவாகிறது. ஓடிப் பறக்கும் சுபாவமும் கொஞ்சம் தின்றுவிடுகிறது. மேய்ச்சலில் பூச்சியும் விதையும் கிடைக்கும் இடத்தில் இந்த இடைவெளி குறையும். அடைத்து வளர்ப்பவர் அந்தக் குறைவை எதிர்பார்க்கக் கூடாது.

கேள்வி: அறுத்த பின் கிடைக்கும் கறியில் வேறுபாடு உண்டா?

பதில்: இரண்டிலும் உயிர் எடையில் 70 முதல் 75 விழுக்காடு தேறும். கினிக்கோழிக்கு எலும்பு மெல்லியது, கொழுப்பு குறைவு, தசையின் நிறம் அடர்த்தி. கொழுப்பு குறைந்த கறி சூட்டில் விரைவில் வறண்டுவிடும் என்பதைச் சமைப்பவரிடம் சொல்லி விடுங்கள்.

கேள்வி: சேவலைப் பிரித்துத் தனியாகக் கொழுக்க வைக்கலாமா?

பதில்: கோழியில் பலனுண்டு. கினிக்கோழியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் எடை வேறுபாடு மிகச் சிறிது, வேலை வீண்.

கேள்வி: கினிக்கோழிக் குஞ்சுகள் முதல் வாரத்திலேயே இறந்துவிடுகின்றன. என்ன மருந்து கொடுக்கலாம்?

பதில்: வெப்பம் எவ்வளவு, தரையில் என்ன பரப்பினீர்கள், தண்ணீரை எதில் வைத்தீர்கள் என்று ஒரு சொல்லும் எழுதாமல் மருந்து மட்டும் கேட்கிறீர்கள். முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்கலாம். ஆழமான தண்ணீர்த் தட்டில் இக்குஞ்சுகள் விழுந்து மூழ்கும். கூழாங்கல் போட்டு ஆழத்தைக் குறையுங்கள். வழுக்கும் காகிதத்தின் மேல் விட்டால் கால் அகன்று முடமாகும். கூளம் ஈரமாகக் கூடாது; இன்னொரு முறையும் சொல்கிறேன், கூளம் ஈரமாகக் கூடாது.

கேள்வி: கினிக்கோழிக்கு நோயே வராது என்கிறார்களே?

பதில்: கோழியை விடத் தாங்கும்; வராது என்பது தவறு. வெள்ளைக்கழிச்சல் இதையும் தாக்கும். கோழியின் குடற்புழு முட்டைகளோடு பரவி ஈரலைக் கெடுக்கும் நோயும் உண்டு என்பதால், கோழி மேய்ந்த நிலத்தில் இதன் குஞ்சுகளை விடாதீர்கள். கோழிக்கான இரத்தக்கழிச்சல் தடுப்பு மருந்துகளில் சில கினிக்கோழிக்கு நஞ்சாகலாம். மருந்து கலந்த தீவனமா என்பதை மூட்டையின் சீட்டில் பார்த்து, கால்நடை மருத்துவரிடம் கேட்ட பிறகே கொடுங்கள்.

கேள்வி: விற்பனைக்குப் பிடிக்கும்போது பல பறவைகள் நொண்டியாகிவிடுகின்றன. ஏன்?

பதில்: கோழியைப் பிடிப்பது போல் காலைப் பிடிக்கிறீர்கள். இருட்டிய பிறகு, இறக்கைகளோடு உடலைச் சேர்த்து அணைத்துத் தூக்குங்கள்.