விமானப் பாகம் பொருத்தும் வேலைக்கு லைசென்ஸ் வேண்டுமா?

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு வயது 24. ஃபிட்டர் பயிற்சி முடித்துவிட்டு இரண்டு ஆண்டுகளாக ஒரு தகடு வேலைப் பட்டறையில் இருக்கிறேன். விமானப் பாகங்களைப் பொருத்தும் அசெம்ப்ளர் வேலைக்குப் போக ஆசை. அதற்கு ‘அசெம்பிளி லைசென்ஸ்’ கட்டாயம் என்றும், ஆறு மாதப் பயிற்சி, லைசென்ஸ், ஏஎஸ் 9100 சான்றிதழ், வேலை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகை என்றும் ஒரு ஏஜென்ட் சொல்கிறார். சரிபார்க்க வேண்டும் என்று என் அசல் சான்றிதழ்களையும் வாங்கி வைத்திருக்கிறார். நான் கண்ணாடி போடுபவன். பணத்தைக் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள், தம்பி. ஒரு ரூபாய் கூட வேண்டாம்.

அவர் சொல்கிற லைசென்ஸ் என்ற ஒன்றே கிடையாது. பயன்பாட்டில் இருக்கும் விமானத்தைப் பழுதுபார்த்து, ‘இனி இது பறக்கலாம்’ என்று கையெழுத்துப் போடுகிறவருக்குத்தான் லைசென்ஸ். பராமரிப்புப் பொறியாளர் என்பார்கள். அதற்குப் பல ஆண்டுப் படிப்பும் அனுபவமும் தேர்வுகளும் உண்டு. நீங்கள் கேட்பது தொழிற்சாலை வேலை. அங்கே அனுமதி ஆளுக்கு இல்லை, நிறுவனத்துக்கு. விமானப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அமெரிக்காவின் எஃப்ஏஏ ஆனாலும் ஐரோப்பாவின் ஈயாசா ஆனாலும், ‘இந்த நிறுவனம் விமானப் பாகம் தயாரிக்கலாம்’ என்று நிறுவனத்துக்குத்தான் ஒப்புதல் தருகின்றன. யார் எந்த வேலையில் கை வைக்கலாம் என்பதை, பயிற்சி கொடுத்துச் சோதித்துப் பார்த்து, அந்த நிறுவனமே முடிவு செய்கிறது. ஏஜென்ட் இந்த இரண்டையும் வேண்டுமென்றே குழப்புகிறார். லைசென்ஸ் என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டில் நகையை அடகு வைக்கத் துணிவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

ஏஎஸ் 9100 கதை இதைவிட மோசம். அது விண்வெளி, விமானத் துறை நிறுவனங்களுக்கான தர மேலாண்மை முறை. தணிக்கை நடந்து சான்று கிடைப்பது நிறுவனத்துக்கு. தனி ஆளுக்கு ‘நீங்கள் ஏஎஸ் 9100 பெற்றவர்’ என்று எவராலும் தர முடியாது. அந்த முறையைப் பற்றி இரண்டு நாள் வகுப்பில் உட்கார்ந்தீர்கள் என்று ஒரு தாள் தரலாம், அவ்வளவுதான். தங்க நிற முத்திரையோடு கண்ணாடிச் சட்டம் போட்டு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேர்காணலுக்கு வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். மேசைக்கு எதிர்ப்புறம் இருப்பவர் அதைத் திறந்துகூடப் பார்க்காமல், வெர்னியரைக் கையில் கொடுத்து ‘இதை அளந்து சொல்’ என்பார். பிள்ளை திணறும். அந்தக் காட்சியை என்னால் மறக்க முடியவில்லை.

ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஏஜென்ட் அடுத்து அதைத்தான் பிடிப்பார். பாகத்தை உடைக்காமல் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைகள் இருக்கின்றன. சாயம் ஊடுருவ விட்டுப் பார்ப்பது, மீயொலி, எக்ஸ்ரே போன்றவை. என்டிடி என்பார்கள். இதைச் செய்பவருக்குத் தனித் தகுதி கட்டாயம், உண்மைதான். அமெரிக்காவில் என்ஏஎஸ் 410, ஐரோப்பாவில் ஈஎன் 4179 என்ற தரநிலைகள் அதற்கு உண்டு. இத்தனை மணி நேர வகுப்பு, இவ்வளவு நாள் அனுபவம், அப்புறம் தேர்வு, கண் பரிசோதனை என்று எல்லாம் வரையறுத்திருக்கிறார்கள். ஆனால் இந்தத் தரநிலைகளில் கடைசிச் சான்றைத் தருவது வேலை கொடுப்பவர்தான். வெளியே என்டிடி தகுதியின் இரண்டாம் படியான ‘லெவல் 2’ முடித்திருந்தால் அந்த வகுப்பு நேரத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். கையெழுத்துப் போடும் அதிகாரம் மட்டும் புது நிறுவனம் உங்களைச் சோதித்துத் தந்தால்தான் வரும். வேறு நிறுவனத்துக்கு மாறினால் அங்கே மறுபடி வாங்க வேண்டும். ஆக, விதிவிலக்கிலும் ஏஜென்ட் விற்பதற்கு ஒன்றும் இல்லை. நீங்கள் கேட்டது சோதிக்கும் வேலையும் இல்லை, பொருத்தும் வேலை.

சரி, அப்படியானால் எதைப் பார்த்து எடுப்பார்கள்? கையைப் பார்த்து. நீங்கள் தகடு வேலை தெரிந்தவர். உங்களுக்குப் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

தகடுகளை இணைக்கும் ஆணியான ரிவெட் அடிப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். 3.2 மி.மீ. ரிவெட் என்றால், அடித்து முடித்தபின் உள்பக்கம் உருவாகும் தலை சுமார் 4.8 மி.மீ. அகலம், 1.6 மி.மீ. உயரம் இருக்க வேண்டும். அகலம் ஒன்றரை மடங்கு, உயரம் பாதி. துளையின் நடுப்புள்ளி தகட்டின் ஓரத்திலிருந்து ரிவெட் விட்டத்தைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு தள்ளி இருக்க வேண்டும். துளை போட்டதும் தகடுகளைப் பிரித்துப் பிசிறு எடுக்க வேண்டும். பிசிறு இடையில் மாட்டினால் தகடுகள் ஒட்டி உட்காராது, விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். பட்டறையில் ‘பரவாயில்லை, விடு’ என்று போகிற பழக்கம் உங்களுக்கு இருந்தால் இன்றைக்கே விட்டுவிடுங்கள்.

இது பெரும்பாலும் இரண்டு பேர் வேலை. வெளியே ஒருவர் ரிவெட் கன்னோடு, உள்ளே ஒருவர் பக்கிங் பார் என்ற இரும்புக் கட்டையைத் தாங்கியபடி. நடுவில் தகடு, சுற்றிலும் காது பிளக்கும் சத்தம், பேசினால் கேட்காது. உள்ளே இருப்பவர் தகட்டைத் தட்டித்தான் பேசுவார். ஒரு தட்டு என்றால் இன்னும் அடி. இரண்டு என்றால் சரி. மூன்று என்றால் கெட்டுவிட்டது, துளைத்து எடு. நான் சேர்ந்த புதிதில் மூன்று தட்டு கேட்கும்போதெல்லாம் அவமானமாக இருக்கும். உள்ளே இருந்த மூத்தவர் ஒருநாள் வெளியே வந்து, ‘தட்டாமல் விட்டால்தான்டா உனக்கு அவமானம்’ என்றார்.

இன்னொரு மாலை, ட்ரில் முனை ஒன்று உடைந்து துண்டு காணாமல் போனது. விரல் நகம் அளவுதான். ஷிப்ட் முடிந்தும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. டார்ச்சும் முகம் பார்க்கும் கண்ணாடியும் வைத்து, பாகத்தின் உள்ளே ஒவ்வொரு அறையாகத் தேடி, கிடைத்த பிறகுதான் வேலையைத் தொட்டோம். யாரும் முணுமுணுக்கவில்லை.

கையைப் போலவே தாளும் முக்கியம். 2024 ஜனவரி 5 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸின் போயிங் 737 மேக்ஸ் 9 விமானம் போர்ட்லண்டிலிருந்து கிளம்பி மேலே ஏறும்போதே, கதவு இடத்தை அடைக்கும் பலகை பிய்த்துக்கொண்டு போனது. நல்லவேளை, யாரும் இறக்கவில்லை. விசாரணையில் தெரிந்தது இது: தொழிற்சாலையில் பழுதான ரிவெட்களைச் சரிசெய்ய அந்தப் பலகையைத் திறந்திருக்கிறார்கள். மூடும்போது அதைப் பிடித்திருக்க வேண்டிய 4 போல்ட்கள் போடப்படவில்லை. திறந்ததற்கான பதிவும் இல்லை. பதிவு இருந்திருந்தால் அடுத்து வந்தவர் போல்ட்டைத் தேடியிருப்பார். அதனால் நேர்காணலில், ‘செய்த வேலையை உடனே எழுதி வைக்கும் பழக்கம் உண்டா’ என்று கேட்டால் அதைச் சின்னக் கேள்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். பட்டறையில் கிடைக்கும் அலுமினியத் துண்டுகளில் இரண்டு வரிசை ரிவெட் அடியுங்கள். ஒவ்வொரு தலையையும் அளந்து எழுதுங்கள். தவறியதை மறைக்காமல் குறியுங்கள். அந்தத் தகட்டையும் தாளையும் நேர்காணலுக்குக் கொண்டு போங்கள். டிராயிங் படிக்கவும், போல்ட்டைக் குறித்த அளவுக்கு மட்டும் இறுக்கும் டார்க் ரெஞ்ச் பிடிக்கவும் பழகுங்கள். மீதியைச் சேர்ந்தபின் அவர்களே சொல்லித்தருவார்கள். விண்ணப்பத்தை நிறுவனத்தின் சொந்த வேலைவாய்ப்புப் பக்கத்தில் போடுங்கள்.

பயிற்சியாளர் வேலைக்கே ‘2 ஆண்டு விமானத் துறை அனுபவம்’ கேட்டு விளம்பரம் போடுவார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். முதல் வேலையே யாரும் தராமல் அனுபவம் எங்கிருந்து வரும்? ஆள் எடுக்கும் பொறுப்பை ஒப்பந்தக்காரரிடம் தள்ளிவிட்டு, அவர் கீழே இன்னொருவரிடம் தள்ளி, கடைசியில் உங்கள் ஏஜென்ட் மாதிரி ஆட்கள் முளைப்பது இப்படித்தான். இருந்தாலும் விண்ணப்பியுங்கள். தகடு வேலை அனுபவத்தை ஏற்றுக்கொள்ளும் மேலாளர்கள் இருக்கிறார்கள். ஒப்பந்தக்காரர் வழியாகவே வேலை வந்தால், நியமனக் கடிதத்தில் சம்பளம் தருபவர் யார் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

கண்ணாடி ஒரு தடையே இல்லை. கண்ணாடியோடு கிட்டப் பார்வை தெளிவாக இருந்தால் போதும். நிறப் பார்வையை மட்டும் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். வயர் வேலைக்குப் போனால் அது வேண்டும். காதுப் பாதுகாப்பை முதல் நாளிலிருந்தே போடுங்கள்.

கடைசியாக, உங்கள் அசல் சான்றிதழ்கள். சரிபார்க்க நகல் போதும், அசலை வாங்கி வைத்துக்கொள்ள அவருக்கு எந்த வேலையும் இல்லை. நாளைக் காலையே வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் வாங்கிவிடுங்கள். பணம் கட்டினால்தான் தருவேன் என்றால் வாக்குவாதம் வேண்டாம், நேராகக் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள்.