மூவரையும் சேர்த்தே இறக்குங்கள்

வணக்கம். 2027 உலகக் கோப்பைக்கு அமெரிக்க மகளிர் அணியின் முன்களத்தில் டிரினிட்டி ராட்மன், மல்லரி ஸ்வான்சன், சோஃபியா வில்சன் மூவரையும் ஒன்றாக இறக்கலாமா, அல்லது நடுவில் உயரமான ஒருவரை நிறுத்த வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள்.

மூவரும் முழு உடல்தகுதியோடு இருந்தால் தயங்கவே தேவையில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பயிற்சியாளர் எம்மா ஹேய்ஸ், அனுபவமிக்க நட்சத்திர முன்கள வீராங்கனை அலெக்ஸ் மார்கனையே விட்டுவிட்டு இவர்களை நம்பினார். அணி அடித்த 12 கோல்களில் 10 இவர்களுடையவை. எண்ணிக்கையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவர்களுக்கிடையேயான புரிதல். இறுதிப் போட்டியின் 57ஆவது நிமிடத்தில், ஆஃப்சைடில் (தொட்டால் கோல் செல்லாத இடத்தில்) நின்ற வில்சன் (அப்போது அவர் பெயர் ஸ்மித்) பந்தைத் தொடாமல் ஒதுங்கினார். பின்னாலிருந்து பாய்ந்து வந்த ஸ்வான்சன் கோலாக்கினார். ஒரே கணத்தில் எடுத்த அந்த முடிவுதான் தங்கம் தந்தது!

ஆனால் 2025இல் வில்சனும் ஸ்வான்சனும் மகப்பேறு விடுப்பில் இருந்தார்கள், ராட்மனுக்கு முதுகுவலி. எனவே பழைய பெயருக்காக இடம் தராதீர்கள், கடைசி இரண்டு மாத ஆட்டத்தைப் பாருங்கள். ஒருவர் தடுமாறினாலும் நடுவில் இன்னொரு முன்கள வீராங்கனையான கத்தரீனா மக்காரியோவை வையுங்கள். அவர் நடுக்களத்துக்கு இறங்கி வந்து பந்தை வாங்குவார். தடுப்பாளர்கள் அவரைத் தொடர்ந்து வந்தால், ராட்மன் ஓட இடம் திறக்கும். உயரம் அதைச் செய்யாது.