'ஜுமோங்' முதல் பகுதி பார்த்தேன். ஜுமோங்கே வரவில்லையே, தொடர்ந்து பார்க்கலாமா?

கண்டிப்பாகப் பாருங்கள். 2006இல் கொரியாவின் எம்பிசி தொலைக்காட்சியில் தொடங்கி 81 பகுதிகள் ஓடிய தொடர் இது. நாயகன் சொங் இல் குக் வளர்ந்த ஜுமோங்காக வருவதற்குச் சில பகுதிகள் பிடிக்கும். ஆனால் நான் இந்தத் தொடரில் விழுந்ததே அந்த முதல் பகுதியால்தான். அது ஜுமோங்கின் அப்பா அம்மா கதை.

பழைய புராணத்தைத் தெரிந்துகொண்டு பார்த்தால் இன்னும் பிடிக்கும். வானுலக அரசனின் மகன் ஹெமோசு, ஐந்து டிராகன்கள் பூட்டிய தேரில் இறங்கி வருகிறான். ஆற்றுத் தெய்வம் ஹபேக்கின் மகள் யூஹ்வா அவனோடு சேர்ந்ததால் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டு, புயோ நாட்டு அரசன் கும்வாவிடம் வந்து சேர்கிறாள். அவளை அடைத்துவைத்த அறையில் வெயில் அவள் போகும் பக்கமெல்லாம் போய் மேலே விழுகிறது. அப்புறம் அவள் ஈன்றது ஒரு பெரிய முட்டை! அரசன் அதை நாய்க்கும் பன்றிக்கும் போடுகிறான், அவை தொடவில்லை. வழியில் வீசினால் மாடும் குதிரையும் விலகி நடக்கின்றன. வெட்டவெளியில் போட்டால் பறவைகள் சிறகால் மூடிக் காக்கின்றன. கடைசியில் தாயிடமே திரும்பிய முட்டையிலிருந்து பிறந்தவன்தான் ஜுமோங். 'ஈ கண்ணை மொய்க்கிறது, தூங்க முடியவில்லை, வில் செய்து கொடு' என்று கைக்குழந்தையாக அம்மாவிடம் கேட்டானாம். அவள் செய்து கொடுத்த வில்லால் ராட்டையில் உட்கார்ந்த ஈக்களை அடித்தானாம். ஜுமோங் என்ற சொல்லுக்கே புயோ மொழியில் வில்லில் தேர்ந்தவன் என்று பொருள்.

தொடரில் முட்டை இல்லை, தேரும் இல்லை. கோஜோசோன் என்ற பழைய கொரிய நாடு கி.மு. 108இல் சீனத்தின் ஹான் படையிடம் வீழ்ந்து மக்கள் அகதிகளாகிறார்கள். அவர்களுக்காக வாள் எடுக்கும் ஒரு மனிதன்தான் இங்கே ஹெமோசு. கும்வா அவனுடைய உயிர் நண்பன், புயோவின் இளவரசன். யூஹ்வா ஒரு குலத்தலைவரின் மகள். காயம்பட்டு ஆற்றங்கரையில் கிடக்கும் ஹெமோசுவை அவள்தான் மறைத்துக் காப்பாற்றுகிறாள். தெய்வத்தை எடுத்துவிட்டார்கள், ஆற்றை விடவில்லை. அந்த இடம் எனக்கு அவ்வளவு பிடித்தது.

ஹான் வீரர்களின் இரும்புக் கவசத்தையும் கவனியுங்கள். நல்ல இரும்பு யாரிடம் இருக்கிறது என்பது தொடர் முழுக்க வரும் விஷயம்.

வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மரபுக் கணக்கில் ஜுமோங் பிறந்தது கி.மு. 58, கோகுரியோ என்ற பழைய கொரிய அரசை நிறுவியது கி.மு. 37. கோஜோசோன் வீழ்ந்ததற்கும் அவன் பிறப்புக்கும் நடுவில் 50 ஆண்டு இருக்கிறது. தொடர் அதைச் சுருக்கிவிட்டது. எனக்கு அது உறுத்தவில்லை. கோகுரியோக்காரர்களே கி.பி. 414இல் நிறுத்திய, 6 மீட்டருக்கும் உயரமான கல்லில் தங்கள் முதல் அரசன் முட்டையிலிருந்து வந்தான் என்றுதானே வெட்டி வைத்தார்கள்.

அடுத்து வருவது தெரிய வேண்டாம் என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஜுமோங் அறிமுகமாகும்போது பயந்தாங்கொள்ளி இளவரசன், வாள்கூடப் பிடிக்கத் தெரியாது. அவனுக்கு வித்தை கற்றுத்தருவது குகைச் சிறையில் பல வருடம் கிடக்கும் கண் தெரியாத ஒரு கைதி. அது ஹெமோசு. அப்பா என்று மகனுக்குத் தெரியாது, மகன் என்று அப்பாவுக்கும் தெரியாது. முதல் பகுதியில் குதிரைமேல் வந்த அந்த முகம் நினைவிருந்தால், அங்கே கண் கலங்கிவிடும்.