காரில் ப்ளோயர் 4-ஆவது ஸ்பீடில் மட்டும் ஓடுகிறது. மோட்டாரை வீட்டிலேயே மாற்றலாமா?

ஊட்டிக்குப் போனபோது ஹீட்டர் போட்டால் 1, 2, 3-இல் காற்றே வரவில்லை, 4-இல் மட்டும் முழு வேகத்தில் வந்தது, ஒர்க்‌ஷாப்பில் மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த அறிகுறியை வைத்து மோட்டார் வாங்காதீர்கள். அநேகமாகப் போயிருப்பது ப்ளோயர் ரெசிஸ்டர், அதாவது காற்று ஊதும் ஃபேனின் வேகத்தைக் குறைக்கும் மின்தடை. விலையில் அது மோட்டாரில் ஒரு சிறு பங்குதான். உறுதி செய்துகொள்ள ஒரு வழி உண்டு. 4-இல் ஓடவிட்டு நாபை 3-க்குத் திருப்புங்கள். ஓட்டம் உடனே விட்டுப்போனால் ரெசிஸ்டர். வேகம் குறைந்து தொடர்ந்து சுற்றுகிறது, ஆனால் நின்ற இடத்திலிருந்து 3-இல் கிளம்ப மாட்டேன் என்கிறது என்றால் மோட்டாரின் புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்) இறுகியிருக்கிறது, அல்லது கார்பன் பிரஷ் (சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) தேய்ந்திருக்கிறது. அப்போதுதான் மோட்டார் பேச்சு.

இரண்டையுமே வீட்டு வாசலில் வைத்து மாற்றலாம். ஆல்டோ, வேகன் ஆர், ஸ்விஃப்ட், ஐ10 போன்ற சிறிய கார்களில் மோட்டார் இருப்பது இடப்பக்கம், க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால். ஏசிக்கும் ஹீட்டருக்கும் மழையில் கண்ணாடிப் புகைச்சலைப் போக்குவதற்கும் அதே ஒரு மோட்டார்தான். ஆகவே சமவெளியில் ஹீட்டரே போடாதவர்களுக்கும் இந்தப் பதில் பொருந்தும்.

எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். நாப் 4-இல் இருக்கும்போது மின்சாரம் ரெசிஸ்டரைத் தொடாமல் நேராக மோட்டாருக்குப் போகிறது. 1, 2, 3-இல் ரெசிஸ்டர் வழியாகப் போகிறது. ரெசிஸ்டர் 2 ஓம், ஓடும் கரண்ட் 4 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் 8 வோல்ட் அங்கேயே இறங்கிவிடும். 32 வாட் சூடு. சால்டரிங் அயர்ன் ஒன்றை ப்ளாஸ்டிக் பெட்டிக்குள் சதா எரியவிட்டது போலத்தான். அந்தச் சூட்டைத் தணிக்கத்தான் ரெசிஸ்டரைக் காற்று போகும் பாதையிலேயே செருகி வைத்திருக்கிறார்கள். காற்று குறைந்தால் ரெசிஸ்டர் தாங்காது. அதில் உள்ள தெர்மல் ஃப்யூஸ் அறுந்துவிடும்; அது ஒரு தடவை அறுந்தால் அறுந்ததுதான். ஏசி ஃபில்டர் அடைத்துக் கிடக்கும் காரில் ரெசிஸ்டர் அடிக்கடிப் போவதற்கு இதுதான் காரணம்.

மற்ற அறிகுறிகளையும் சொல்லிவிடுகிறேன். எந்த ஸ்பீடிலும் அசைவில்லை என்றால் ஃப்யூஸ், ரிலே, கனெக்டர், எர்த், அதன் பிறகுதான் மோட்டார். 1, 2, 3 வேலை செய்து 4 மட்டும் இல்லையென்றால் நாபுக்குப் பின்னால் இருக்கும் ஸ்விட்சின் காண்டாக்ட் தீய்ந்திருக்கும். சில கார்களில் 4-க்கென்று தனி ரிலே இருக்கிறது, அதையும் பாருங்கள். ஓடுகிறது, நிற்கிறது, மோட்டாரின் அடிப்பக்கத்தைத் தட்டினால் மறுபடி ஓடுகிறது: பிரஷ் தேய்ந்துவிட்டது. ‘கீச் கீச்’ என்று கத்தினால் புஷ் வறண்டிருக்கிறது. ‘தடதட’ என்றால் ஃபேனுக்குள் இலை, சருகு, அல்லது எலி கொண்டுவந்து சேர்த்த பஞ்சு. ஏசி போட்டு அரை மணி நேரம் ஓட்டிய பிறகு காற்று குறைந்து, ஏசியை நிறுத்திக் கொஞ்ச நேரம் கழித்துச் சரியாகிறது என்றால் அது மோட்டாரே இல்லை. கூலிங் காயிலில் ஐஸ் கட்டுகிறது. காற்று தாராளமாக வருகிறது, சூடு மட்டும் இல்லை என்றால் கூலன்ட் அளவையும் தெர்மோஸ்டாட்டையும் பார்க்க வேண்டும்.

ஃப்யூஸ் பெரும்பாலும் 25 அல்லது 30 ஆம்பியர். ஃப்யூஸ் பாக்ஸ் மூடியில் போட்டிருக்கும். அது போயிருந்தால் அதே அளவு ஃப்யூஸ்தான் போட வேண்டும். 30 போகிறது என்று 40 போடுபவர்கள் உண்டு. ஒயர் அதற்குத் தாங்காது, டாஷ்போர்டுக்குள் தீப்பிடிக்கும். புது ஃப்யூஸும் உடனே போனால் எங்கோ ஷார்ட், இல்லையேல் மோட்டார் இறுகிவிட்டது.

மல்டிமீட்டரை எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பல கார்களில், குறிப்பாக ஜப்பானிய வடிவமைப்புகளில், மோட்டாரின் பாசிட்டிவுக்கு ரிலே வழியாக நேராக 12 வோல்ட் வந்துவிடும்; ரெசிஸ்டரும் ஸ்விட்சும் இருப்பது எர்த் பக்கத்தில். ஆகவே மீட்டரின் கறுப்பு முனையை பாடியில் வைத்துச் சோதித்தால் எர்த் பக்கம் எங்காவது அறுந்திருக்கும்போது மோட்டாரின் இரண்டு ஒயரிலும் 12 வோல்ட் காட்டும். ‘கரண்ட் வருது, மோட்டார்தான் போச்சு’ என்ற தீர்ப்பு பல தடவை இப்படித்தான் வருகிறது. கனெக்டரைக் கழற்றாமல், அதன் பின்புறத்திலிருந்து இரண்டு பின்களுக்கும் குறுக்கே அளந்து பாருங்கள். 4-இல் வைத்து, எஞ்சின் ஓடும்போது, 13 வோல்டுக்கு மேல் வந்தும் மோட்டார் சுற்றவில்லை என்றால் மட்டுமே மோட்டார் போனது உறுதி. 10 வோல்டுதான் வருகிறது என்றால் மீதி வழியில் எங்கோ விழுகிறது. பேட்டரி பாசிட்டிவிலிருந்து மோட்டார் பாசிட்டிவ் வரை அளந்தால் அரை வோல்டுக்குள் இருக்க வேண்டும். மோட்டார் நெகட்டிவிலிருந்து பாடி வரையும் அப்படியே. எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் கனெக்டர், ஸ்விட்ச், எர்த் போல்ட் ஆகியவற்றை வரிசையாகப் பாருங்கள்.

இனி கழற்றும் வேலை. ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் (கட்டையானது ஒன்றும் நீளமானது ஒன்றும்), 8, 10 எம்.எம். சாக்கெட், தலையில் மாட்டும் டார்ச் போதும். முதலில் சாவியை எடுத்துவிட்டு பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, சில நிமிடம் பொறுங்கள். க்ளவ் பாக்ஸுக்கு மேல் பயணி ஏர்பேக் இருக்கும் கார்களில் இதில் சமரசமே கூடாது. மஞ்சள் நிறக் கனெக்டர் எதையும் தொடாதீர்கள். க்ளவ் பாக்ஸைத் திறந்து, இரண்டு பக்கச் சுவரையும் உள்நோக்கி அழுத்தினால் தடுப்பு விலகிக் கீழே சாயும். அடியிலிருக்கும் கீலிலிருந்து இழுத்தால் கையோடு வந்துவிடும். சில கார்களில் ஓரிரு ஸ்க்ரூ கூடுதலாக இருக்கும்.

அடியில் உருண்டையாக, கீழ்நோக்கி நிற்பது மோட்டார். அதற்குப் பக்கத்தில் காற்றுக் குழாயில் 2 ஸ்க்ரூவில் நிற்பது ரெசிஸ்டர். வெளியே எடுத்துப் பாருங்கள்: சுருள் கம்பி அறுந்திருப்பது கண்ணுக்கே தெரியும். தகடு மாதிரி இருக்கும் வகையில் மீட்டர்தான் சொல்லும். பின்களுக்கிடையே சில ஓம்களுக்குள் காட்டினால் நல்லது, எதுவும் காட்டாவிட்டால் அறுந்துவிட்டது. தெர்மல் ஃப்யூஸுக்குக் குறுக்கே ஒரு கம்பியை சால்டர் செய்து ‘சரி பண்ணி’க் கொடுக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த தடவை சூடேறும்போது அறுந்து காப்பாற்ற எதுவும் இருக்காது, சுற்றிலும் ப்ளாஸ்டிக்.

ரெசிஸ்டரைவிட அதன் கனெக்டரை உற்றுப் பாருங்கள். ஒரு பின் மட்டும் பழுப்பேறி, ப்ளாஸ்டிக் உருகியிருந்தால் புது ரெசிஸ்டர் மட்டும் போட்டுப் பயனில்லை; தளர்ந்த பின் சூடாகி அதையும் கொன்றுவிடும். ஒயரோடு கூடிய புது கனெக்டர் ஸ்பேர்ஸ் கடையில் கிடைக்கும். பழைய ஒயரின் கனத்துக்குக் குறையாமல் வாங்கி, ஸ்லீவ் வைத்து க்ரிம்ப் செய்து (அழுத்தி இறுக்கி) ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் உறை) போடுங்கள். இணைப்புகள் எல்லாம் ஒரே இடத்தில் சேராமல் ஒயர்களை வெவ்வேறு நீளத்தில் வெட்டிக்கொள்ளுங்கள். இன்சுலேஷன் டேப் இங்கே நிற்காது, சூட்டில் பசை இளகிவிடும்.

ரெசிஸ்டர் இரண்டாவது முறையாகப் போகிறது என்றால் மோட்டாரையும் சந்தேகப்பட வேண்டும். இறுகிய மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கும், அந்தக் கரண்ட் முழுதும் ரெசிஸ்டர் வழியாகத்தான் போகிறது. மோட்டாரைக் கழற்றுவது எளிது: கனெக்டரையும், இருந்தால் பக்கத்திலுள்ள சிறிய ரப்பர் குழாயையும் விலக்கி, பெரும்பாலும் 3 ஸ்க்ரூ. கையால் தாங்கிக்கொண்டு கடைசி ஸ்க்ரூவை எடுங்கள், தலையில் விழும். ஃபேனை விரலால் சுற்றினால் சில சுற்றாவது தானாகப் போக வேண்டும். உடனே நின்றால் புஷ் போயிற்று. பேட்டரியில் நேராகச் சோதிப்பதானால் நடுவில் 25 ஆம்பியர் ஃப்யூஸ் வைத்து, மோட்டாரை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள்; கிளம்பும்போது கையைவிட்டுத் துள்ளும்.

கீச்சொலிக்கு அடிப் புஷ்ஷில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் சில மாதம் ஓடலாம். டபிள்யூடி-40 அடிக்காதீர்கள்; சீக்கிரம் வறண்டு, கம்யூட்டேட்டரில் (பிரஷ் உரசும் செம்புப் பகுதி) பட்டுத் தூசியோடு பிசினாகும். பிரஷ் மட்டும் மாற்றலாமா என்றால், இப்போது வரும் பல மோட்டார்களில் உறை மடித்து மூடப்பட்டிருக்கிறது. பிரித்தால் பழையபடி நேராக மூடுவது கடினம். புதிதாக வாங்குவதே நல்லது, அதுவும் ஃபேனோடு சேர்த்து. பழைய ஃபேனைக் கழற்றி ஏற்றும்போது நடுக்குழல் விரிசல் விடும், அல்லது உயரம் மாறிப் பெட்டியில் உரசும். ஃபேன் இதழில் சிறு உலோக க்ளிப் இருந்தால் எடுத்துவிடாதீர்கள், அது சமநிலைக்காக வைத்தது. சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய மோட்டார் மலிவாகக் கிடைக்கும். வாங்குமுன் கடையிலேயே பேட்டரி கொடுத்து ஓடவிட்டு, அதிர்வு இருக்கிறதா என்று கையில் பிடித்துப் பாருங்கள். கார் மாடலும் ஆண்டும் ஒத்திருப்பதோடு கனெக்டரின் வடிவமும் ஒன்றாக இருக்க வேண்டும். கனெக்டர் சேரவில்லை என்று ஒயரை வெட்டி மாற்றி இணைத்தால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். அப்போதும் காற்று வரும், ஆனால் பாதிதான் வரும். புது மோட்டாரே சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டை வரும்.

மாட்டுமுன் பெட்டிக்குள் கைவிட்டுச் சருகையும் தூசியையும் எடுத்து, வேக்குவம் க்ளீனர் இருந்தால் இழுத்துவிடுங்கள். மோட்டாரின் தட்டில் உள்ள துளைகள் சம இடைவெளியில் இருக்காது. ஒரே ஒரு நிலையில்தான் பொருந்தும். அந்தச் சிறிய ரப்பர் குழாயை மறக்காதீர்கள், மோட்டாருக்குள் குளிர்ந்த காற்றை அனுப்புவது அதுதான். ஸ்க்ரூக்கள் ப்ளாஸ்டிக்கில் இறங்குபவை. முதலில் இடப்பக்கமாக மெல்லத் திருப்புங்கள், ‘டிக்’ என்று பழைய மரையில் விழுந்ததும் வலப்பக்கம் முறுக்குங்கள்; இல்லாவிட்டால் மரை போய்விடும். க்ளவ் பாக்ஸை மாட்டுவதற்கு முன்பே பேட்டரியை இணைத்து நான்கு ஸ்பீடையும் ஓடவிட்டு, 10 நிமிடம் கழித்து கனெக்டரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் பின் இன்னும் தளர்ச்சிதான். பேட்டரி கழற்றியதால் சில கார்களில் ஸ்டீரியோ ரகசிய எண் கேட்கும், ஆகவே அதை முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கழற்றிய மோட்டார் துருவேறி இருந்தால் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று தேடாமல் புதியதை மாட்டாதீர்கள். வைப்பருக்கு அடியிலுள்ள சல்லடைப் பகுதியில் இலை அடைத்து மழைநீர் உள்ளே வழிகிறதா, ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேப்பமரம், புங்கமரத்தடியில் நிறுத்துபவர்கள் இரவில் உள்காற்றுச் சுழற்சியில் வைத்துவிட்டு இறங்குங்கள், வெளிக்காற்று வழி மூடியிருக்கும். எலித் தொல்லை உள்ள இடத்தில் அந்தச் சல்லடைக்கு அடியில் துருப்பிடிக்காத கம்பி வலை வைப்பது நல்ல காவல். க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் ஏசி ஃபில்டர் உள்ள காராக இருந்தால், அது கழன்றிருக்கும் இதே சமயத்தில் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.

மேலே சொன்னதெல்லாம் கையால் திருப்பும் 4 ஸ்பீடு நாப் உள்ள கார்களுக்கு. ஆட்டோமேட்டிக் ஏசி உள்ள காரில் ரெசிஸ்டருக்குப் பதில் ட்ரான்சிஸ்டர் மாட்யூல் (வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பாகம்) இருக்கும். அது போனால் சில நேரம் சாவியை எடுத்த பிறகும் ப்ளோயர் நிற்காமல் ஓடும், சில நேரம் எந்த ஸ்பீடிலும் ஓடாது. கழற்றி மாட்டும் முறை அதற்கும் இதேதான், ஆனால் ஓம் அளந்து கண்டுபிடிக்க முடியாது. மோட்டாரைத் தனியாகப் பேட்டரியில் ஓட்டிப் பார்த்து அது நன்றாக இருந்தால், மாட்யூலுக்கு வரும் சிக்னலை ஸ்கேனர் வைத்திருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் ஒருமுறை சோதித்துவிட்டு மாட்யூல் வாங்குங்கள்.