விண்டோஸை அழித்த மகனும் கடலூர் அப்பாவும்

அன்புள்ள ஐயா,

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து தினமும் புதுச்சேரிக்கு பஸ் ஏறிப் போய்ப் படிக்கும் உங்கள் மகன், புது மடிக்கணினியில் விண்டோஸை அழித்துவிட்டு, பல வகைகளில் கிடைக்கும் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் ஒரு வகையான ஆர்ச் லினக்ஸைப் போட்டிருக்கிறான். "காசு கொடுத்து வாங்கியதை அழிப்பானா?" என்ற உங்கள் கோபம் புரிகிறது. பையன் கெட்டுப்போகவில்லை. கணினியோடு வந்த விண்டோஸ் உரிமமும் போய்விடவில்லை. அதே பதிப்பைத் திரும்ப நிறுவினால் பெரும்பாலும் தானாகவே ஏற்றுக்கொள்ளும்.

நிறுவத்தான் வேண்டும். கல்லூரி வளாகத்தில் வேலைக்கு ஆளெடுக்க இணையவழியில் நடக்கும் தேர்வுகள் சிலவற்றின் கண்காணிப்பு மென்பொருள் லினக்ஸில் ஓடாது. இரண்டும் ஒரே கணினியில் இருக்கட்டும்.

இனி, எந்த லினக்ஸ்? ஆர்ச்சில் ஒவ்வொன்றையும் கையாலேயே அமைக்க வேண்டும். அதனால் உள்விவரம் பிடிபடும். (ஆர்ச் வைத்திருக்கும் பையன்கள் அதைச் சொல்லாமல் இருக்கமாட்டார்கள், அது வேறு.) ஆனால் புதுப்பிப்புகள் வந்துகொண்டே இருக்கும், செய்முறைத் தேர்வுக்கு முந்தைய இரவில் ஏதாவது உடைந்தால் யாரைக் கேட்பது? 1993 முதல் இருக்கும் டெபியன் நேர் எதிர்: மென்பொருள் சற்றுப் பழையதாக இருக்கும், அசையாது. அதிலிருந்து பிறந்த உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்புக்கு ஐந்தாண்டு ஆதரவு உண்டு. படிக்கிற பையனுக்கு என் தேர்வு அதுதான்.

வேலை என்று வந்தால் கணக்கு மாறும். பெரிய நிறுவனங்களின் சர்வர்களில் ரெட் ஹாட் என்ற நிறுவனத்தின் லினக்ஸ் குடும்பத்துக்குத் தனி இடம். அதன் இலவச இரட்டையாக இருந்த சென்ட்ஓஎஸ்ஸை நம்பிப் பலர் சர்வர் அமைத்திருந்தார்கள். 2020 டிசம்பரில் அதை நிறுத்தப்போவதாக ரெட் ஹாட்டிடமிருந்து அறிவிப்பு வந்தது. 2024 ஜூனோடு ஏழாம் பதிப்பின் ஆதரவும் முடிந்தது. அந்த இடத்தை நிரப்ப வந்தவை அல்மா, ராக்கி என்ற லினக்ஸ் வகைகள். மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் திறந்த மூலம் என்றாலும் கடிவாளம் யார் கையில் என்று பார்க்க வேண்டும் என்பதை அன்று பலர் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். மகன் ராக்கியை ஒரு மெய்நிகர் கணினியில் (கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கும் இன்னொரு கணினி) போட்டுப் பழகட்டும், செலவில்லை.

லினக்ஸ் அல்லாத இன்னொரு இலவச இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டி பற்றியும் கேட்டிருந்தீர்கள். நெட்ஃபிளிக்ஸ் தன் படங்களை அனுப்பும் சர்வர்களில் ஓடுவது அதுதான். நேர்த்தியானது, ஆனால் வேலை விளம்பரங்களில் அரிது, மடிக்கணினியின் வைஃபையோடு மல்லுக்கட்டவும் நேரலாம். பின்னால் பார்க்கலாம்.

ரெட் ஹாட் சான்றிதழ்ப் பயிற்சிக்கு இப்போதே பணம் கட்டாதீர்கள். அந்தச் சான்றிதழ் மூன்றாண்டுதான் செல்லும். படிப்பின் இரண்டாம் ஆண்டில் வாங்கினால், அவன் வேலை தேடும் நேரத்தில் பாதிக்கு மேல் கரைந்திருக்கும்.